சட்டையின் முதுகில் ஒரு படகு

எல்லப்பன் கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில் செவ்வந்தியின் வீட்டில் எந்தப் பாத்திரமும் கவிழ்ந்திருக்காது. கழுவிய சோற்றுப் பானையை வாய் மேலே பார்க்க வாசலோரம் வைத்து, உள்ளே தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுப்பாள். தட்டுகளைச் சுவரில் சாய்த்து நிறுத்துவாள். சொம்பு, டம்ளர், மீன் கூடை எல்லாம் நிமிர்ந்தே இருக்கும். படகு கரையேறி, அவன் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் பானை குப்புறப் படுக்கும். லைட்ஹவுஸ் குப்பத்தில் பாதி வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் பதிலில் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிவரும்.

கார்த்திகை மாதத்தின் கடைசி வாரம் அது. ஒன்பது மணிக்கு, மிஞ்சினால் பத்துக்கு வந்துவிட வேண்டிய படகு பதினொன்றாகியும் வரவில்லை. பானை வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே, ஜன்னலோரம் மரச்சட்டத்தில் கருநீல சாட்டின் துணி பறைத்தோல் போல இழுத்துக் கட்டியிருந்தது. துணியின் நடுவே இடுப்பளவு கடலிலிருந்து எழுந்து நின்றது ஒரு பூதம். முதுகெல்லாம் முள். வாயெல்லாம் பல். அதன் இடப்பக்கம் ஒரு போர்க்கப்பல் இரண்டாக உடைந்து புகைந்தது. மேலே மூக்கில் விசிறி வைத்த பழங்காலத்துச் சண்டை விமானங்கள் இரண்டு. பத்து நாட்களாகச் செவ்வந்தி ஆரி ஊசியால் குத்திக் குத்தி எழுப்பிய உலகம் அது.

பழவேற்காட்டில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருக்கும் சுராயாதான் இந்த வேலையைக் கொண்டுவந்தாள். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை எடுத்துச் செய்பவள் அவள். குப்பத்தில் ஆறு பெண்களுக்கு அவளால்தான் வேலை. அவள் இந்தத் துணியை விரித்துக் காட்டிய அன்று செவ்வந்தி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இன்னாக்கா, ஆம்பள ஜாக்கெட்டுனு சொல்ற? எங்க வூட்டுக்காரு ஜாக்கெட்டு போட்டுக்கினு போனா குப்பமே கைதட்டும்.”

“அந்த ஜாக்கெட் இல்லம்மா. குளிருக்குப் போடுற மேல்சட்டை. இது அதோட முதுகு. மெட்ராஸ்ல ஆபிரகாம்னு ஒரு தம்பி கடை வச்சிருக்கு. அது சொல்லுச்சு. பெரிய சண்டை முடிஞ்சதும் ஜப்பான்ல இருந்த வெள்ளக்கார சிப்பாயிங்க, ஊருக்குத் திரும்பறப்போ ஞாபகத்துக்குன்னு பட்டுச் சட்டையில கழுகு, புலி, தங்கியிருந்த ஊரோட பேரு எல்லாம் தையல் போட்டு வாங்கிட்டுப் போனாங்களாம். அதுலேர்ந்து வந்த சட்டையாம் இது.”

“சண்டைக்குப் போனவன் மறக்கத்தான பாப்பான்? ஞாபகம் வேற வச்சிக்குவானா?”

“அவன் கணக்கு நமக்கெதுக்கு? இப்போ உள்ள பசங்களுக்குச் சண்டை தெரியாது, சினிமாவுல கடல்லேர்ந்து எழுந்து வர்ற பூதம்தான் தெரியும். அதனால ரெண்டையும் சேர்த்து அந்தத் தம்பியே வரைஞ்சிருக்கு. இது சாம்பிள் துணி. இது புடிச்சிப்போச்சுன்னா இன்னும் நாப்பது வரும். மழைக்காலம் முழுக்க ஆறு பேருக்கும் கைக்கு வேலை.”

கடலுக்குள் போக முடியாத நாட்களில் ஒரு குப்பம் எப்படி இருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆறு பேரில் அலையும் தண்ணீரும் நன்றாக வருவது செவ்வந்தியின் கைக்குத்தான். அதனால்தான் மாதிரித் துணி அவளிடம் வந்தது. பூதத்தின் உடம்புக்குக் கொடுவா மீனின் செதிலை வரிசை மாறாமல் வைத்தாள். பொன்னேரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் கீதா பூதத்தின் கண்ணைப் பார்த்துவிட்டு, “யம்மா, நைனாவுக்குக் குயம்புல உப்பு பத்தலன்னா இப்டிதான் முயிக்கும்” என்றாள். எல்லப்பனும் எட்டிப் பார்த்து, “இதுக்கு என்னைவிட மூக்கு நல்லாக்கீதே” என்று சொல்லிவிட்டுப் போனான்.

படத்தின் அடியில், முன்பக்கமாக, இன்னும் ஒன்று இருந்தது. ஒரு சின்னப் படகு. மீனவப் படகுதான். அது கவிழ்ந்து, அடிப்பாகம் மேலே தெரிந்தது. பக்கத்தில் தண்ணீரில் இரண்டு தலைகள்.

செவ்வந்தி அதை மட்டும் கடைசிக்கு வைத்தாள். எல்லப்பன் கரையில் இருக்கும் ஒரு மாலை நேரத்தில் குத்திவிடலாம், ஒரு மணி நேர வேலைதானே என்று நினைத்தாள். ஆனால் படகுக்கான பழுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது. சுராயா சென்னையிலிருந்து வரவழைத்த நூல் நேற்று விளக்கு வைத்த பிறகுதான் கைக்கு வந்தது. இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஆபிரகாம் நேரில் வந்து துணியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதனால் என்ன, எல்லப்பன் பத்துக்கு வந்துவிடுவான், பதினொன்றுக்கு முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

காலையில் குழாயடியில் ஜெயம்மா இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கு மனத்தில் இவ்வளவு உறுத்தியிருக்காது. ஜெயம்மா அடுத்த வீட்டுக்காரி. குப்பன் பெண்டாட்டி. கருவாடு காயப்போடும் களத்தில் யார் பாய் எங்கே என்று ஆரம்பித்த சண்டையில் இரண்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நேரே பேசமாட்டாள். குடத்தைப் பார்த்துப் பேசுவாள்.

“வூட்டுக்குள்ளவே கவுந்த போட்டு படத்தத் தொங்கவுட்டு வச்சிக்கினு, வாசல்ல பானைய நிமித்தி வச்சா இன்னா, வைக்காட்டி இன்னா. குப்பத்துல அவ புருசன் மட்டுமா கடலுக்குப் போறான்? எல்லார் புருசனும்தான் போறான்.”

செவ்வந்தி தண்ணீர் நிரம்பி வழிந்த குடத்தைக் கூட நகர்த்தாமல் நின்றாள்.

ஒன்பது மணிக்கு மேல் காற்று மாறியது. விடியும்போது இல்லாத வாடைக்காற்று, சவுக்குத் தோப்பை ஒரே பக்கமாகச் சாய்த்தது. புயல் எச்சரிக்கை எதுவும் சொல்லியிருக்கவில்லை. மழையும் இல்லை. அலை மட்டும் உயர்ந்துகொண்டே போனது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்ட இடத்தில் அது உடைகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பத்தரை மணிக்குள் இரண்டைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. எல்லப்பனும் அவனோடு போன முனியனும் வரவில்லை. குப்பன் படகும் வரவில்லை.

“நைனா போனு சுச்சாஃப்னு வருதும்மா,” என்றாள் கீதா. அது எட்டாவது முறை.

“தண்ணி பட்டிருக்கும். அடிக்காத. சார்ஜு தீந்துபுடும்.”

“யாரு சார்ஜும்மா? அவங்குளுதா, என்னுதா?”

செவ்வந்திக்கே தெரியவில்லை. அம்மன் படத்தின் முன்னால் நின்று, கங்கையம்மனைக் கூப்பிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் விபூதியை மட்டும் எடுத்துப் பூசிக்கொண்டாள். பிறகு சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தாள். சும்மா நிற்க முடியவில்லை.

துணியில் படகின் கோடு வெள்ளையாகத் தெரிந்தது. ஊசியால் துளை போட்ட தாளை வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்து எடுத்த கோடு. விரலால் தேய்த்தால் கலைந்துவிடும். அவள் விரல் தேய்த்தது. பழுப்பு நூலை எடுத்தாள். ஊசியை மேலிருந்து விட்டு, அடியிலிருந்து நூலை வாங்கி, சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு போனாள். கண் துணியில் இருந்தது. காது முகத்துவாரத்தில் இருந்தது. ஒவ்வொரு என்ஜின் சத்தத்துக்கும் ஊசி நின்றது, மறுபடி ஓடியது.

முடிந்த பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். படகு நிமிர்ந்து இருந்தது. மூக்கு அலைமேல் ஏறியிருந்தது. உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு சுராயா வந்தாள். பாலத்தைத் தாண்டி ஆட்டோவில் வரும்போதே இரண்டு படகு வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். புர்காவைக் கழற்றி மடித்து வைத்தவள் முதலில் துணியைப் பார்க்கவில்லை. செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தாள்.

“சாப்டியா?”

“எறங்கலக்கா.”

“காலைலேர்ந்தா? கீதா, தட்டு கொண்டா.” கையோடு கொண்டுவந்த டப்பாவைத் திறந்தாள். இறால் போட்ட கிச்சடி. “ரெண்டு வாய். அவன் வந்து நிக்கும்போது நீ மயங்கி வுழுந்தா அவன் உன்னத் தூக்குவானா, வலையத் தூக்குவானா?”

செவ்வந்தி இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயில் அழுதுவிட்டாள். சுராயா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். அதன் பிறகுதான் சட்டத்தின் பக்கம் திரும்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அல்லாவே. என்னம்மா பண்ணி வச்சிருக்க?”

“தெரிலக்கா. கை போட்டுடுச்சி.”

“அந்தத் தம்பி ரெண்டு மணிக்கு வருது. படகு கவுந்தாத்தானே பூதத்துக்கு பயம் வரும். இதுல என்னடான்னா ரெண்டு பேரும் பூதத்தை வேடிக்கை பார்க்கப் போற மாதிரி உட்கார்ந்திருக்காங்க.”

இந்த நிலையிலும் கீதாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சங்கிலித் தையலுக்கு ஒரு குணம் உண்டு. கடைசி முடிச்சைப் போடாத வரை நூல் முனையைப் பிடித்து இழுத்தால் போதும். முழுதும் ஒரே ஓட்டமாக உருவிக்கொண்டு வந்துவிடும். செவ்வந்தி முடிச்சுப் போட்டிருக்கவில்லை. நூல் முனை துணியின்மேல் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

“நான் இழுக்கட்டுமா?” என்றாள் சுராயா. “எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் கடல்ல இல்ல. என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நானே கவுத்துக் குத்திடுறேன். உன் கை படவேணாம்.”

செவ்வந்தி அந்த நூல் முனையையே பார்த்தாள். அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“அவுரு வர்ட்டும்க்கா. வந்ததும் நானே இசுத்துடுறேன். உம்மேல பழி வராது.”

“பழியைப் பத்தி இப்போ யாரு பேசினா,” என்றாள் சுராயா. “போ. கரைக்குப் போய் நில்லு. நான் பஸ் ஸ்டாண்டுல அந்தத் தம்பிய புடிச்சி மெதுவா கூட்டிட்டு வர்றேன்.”

கரையில் ஜெயம்மா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே பத்து அடி மணல். குப்பத்து ஆண்கள் கலங்கரை விளக்கத்தின் பக்கம் கூடி, தேடப் போகலாமா, இந்த அலையில் படகு இறக்க முடியுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கடலைப் பார்த்து நின்றார்கள். மணலில் வலைத்துண்டுகள் காற்றில் புரண்டன. ஒருத்தி இருமினால் மற்றவளுக்குக் கேட்கும் தூரம். ஆனால் யாரும் திரும்பவில்லை.

ஜெயம்மாவுக்குக் கண் கூர்மை. குப்பத்தில் எல்லாரும் சொல்வார்கள், கடல் விளிம்பில் வரும் படகின் நிறத்தை அவள்தான் முதலில் சொல்வாள் என்று. ஒன்றே கால் இருக்கும். அவள் நெற்றியில் கை வைத்து ஓரடி முன்னால் போனாள். பிறகு அந்தக் கை தாழ்ந்தது. அது அவள் வீட்டுப் படகு இல்லை. சொல்லாமலேயே இருந்திருக்கலாம். இன்னும் கால்மணி நேரத்தில் செவ்வந்திக்குத் தானே தெரிந்திருக்கும்.

“நீலத் தார்ப்பா கட்டிக்கினு வருது,” என்றாள் ஜெயம்மா. குடத்தைப் பார்த்து அல்ல. “உங்க வூட்டு போட்டுதான். ரெண்டு பேரும் கீறாங்க.”

இரண்டு மாதத்தில் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. தன் வயிறு எரியும்போது அடுத்தவள் வயிற்றில் தண்ணீர் வார்ப்பதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்பதைக் கடவுள்தான் அளந்து பார்க்க முடியும்.

எல்லப்பனும் முனியனும் என்ஜினில் தண்ணீர் புகுந்து நின்றுபோய், தார்ப்பாயைப் பாயாகக் கட்டி, காற்றோடு சண்டை போட்டு வந்து சேர்ந்தார்கள். பத்துப் பேர் ஓடிப்போய்ப் படகை இழுத்தார்கள். எல்லப்பனின் உதடு உப்பில் வெடித்திருந்தது. இறங்கியதும் மனைவியைப் பார்த்து அவன் கேட்டது, “சோறு ஆச்சா?” என்பதுதான்.

“குப்பண்ணன பாத்தியா?” என்றாள் செவ்வந்தி.

“விடியக்காலம் வடக்கால போனான். அப்பால பாக்கல.”

பத்து அடி தள்ளி நின்றவளுக்கு அது கேட்டது. அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எல்லாரும் எல்லப்பனைச் சுற்றிக்கொண்டு போக, மணலில் அவள் ஒருத்தி நின்றாள்.

எல்லப்பன் குளித்துவிட்டு மத்தி மீன் குழம்போடு மூன்று தட்டு சோறு சாப்பிட்டான். கீதா மிச்சச் சோற்றைக் கிண்ணத்தில் தள்ளி, பானையைக் கழுவி வாசலில் வேண்டுமென்றே ‘டங்’ என்று சத்தம் வரும்படி கவிழ்த்தாள். காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்காகத்தான் அவளும் காத்திருந்தாள்.

செவ்வந்தி சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து நூல் முனையைக் கையில் பிடித்தாள். அப்போது சுராயா, ஆபிரகாமோடு வந்தாள்.

முப்பது வயதிருக்கும் அவனுக்கு. அந்தக் காற்றிலும் வியர்த்திருந்தான். தோளில் ஒரு சட்டையை மாட்டியிருந்தான். அதன் முதுகில் வேறு ஏதோ ஊரின் வரைபடமும் ஒரு கழுகும் இருந்தன. கீதா கொடுத்த டீயைக் குடித்தான். கருவாட்டு ஊர் என்பதால் ஈ மொய்த்தது. குடித்து முடித்த டம்ளரை ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணியின் அருகே வந்தான்.

“அக்கா, இந்தச் செதில்... யாரு சொல்லிக்குடுத்தது?”

“கொடுவா மீனு சார். தெனம் ஆஞ்சிக்கினுதானே கீறேன்.”

அவன் மெய்மறந்து பூதத்தைத் தடவினான். அலையைத் தடவினான். பிறகு கை நின்றது. “படகு தப்பா இருக்கே.”

“இப்போ மாத்திடுவா தம்பி. ஒரு மணி நேரம்,” என்றாள் சுராயா.

“மூணு மணிக்குக் கிளம்பியாகணும்க்கா. இன்னிக்கு டெய்லர்கிட்ட குடுத்தாத்தான் காலைல சட்டை ரெடியாகும். நாளைக்கு அதைப் பார்த்துதான் மிச்ச நாப்பதும் முடிவாகும்.”

“சரிதான் தம்பி. செவ்வந்தி, இழு.”

நூல் முனை அவள் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது. எல்லப்பன் பின்னால் சுவரில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தான். அவள் வீட்டு ஆள் கரையேறிவிட்டான். அவளுக்கு இனி எந்தத் தடையும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூரத்தில், மணலில், ஒரு சிவப்புப் புடவை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். கவிழ்ந்திருந்த பானையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். உள்ளே வந்து துணியால் கை துடைத்துக்கொண்டாள்.

“குப்பண்ணன் வர்ல சார். அது வர்ற வரிக்கும் எங்கையால முடியாது. மன்ச்சிக்கோ.”

எல்லப்பன் கண் விழித்தான். “அவ உங்கூட பேசறதே இல்ல. காலைல கூட இன்னான்னமோ சொன்னாளாமே.”

“சொன்னா. அவ சொன்னது மெய்தானே. எல்லார் புருசனும்தான் கடலுக்குப் போறான்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், “நீ வர்றத எனுக்கு அவதான்யா மொதல்ல சொன்னா.”

எல்லப்பன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முகத்துவாரத்தின் பக்கம் விசாரித்து வரப் போனான்.

ஆபிரகாமுக்கு ஒன்றும் புரியவில்லை. பானையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தான். கீதாதான் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஆண்கள் தண்ணீரில் இருக்கும்போது வீட்டில் எதையும் கவிழ்ப்பதில்லை என்பதையும், இன்னும் ஒரு படகு வரவில்லை என்பதையும், அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையும். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். சுராயாவைப் பார்த்தான்.

“என்னைப் பார்க்காதீங்க தம்பி,” என்றாள் சுராயா. “வேலை போனா எனக்கும்தான் போகும். ஆனா இதுக்கு மேல அவளை நான் இழுக்கச் சொன்னேன்னா, நாளைக்கு நான் தொழுகைக்கு நிக்க முடியாது.”

மூன்று மணி ஆனது. ஆபிரகாம் வெளியே போய்த் தொலைபேசியில் யாரிடமோ பேசினான். குரல் உயர்ந்தது. பிறகு கெஞ்சியது. உள்ளே வந்தவன் உட்காரவில்லை. ஜன்னல் கட்டைக்குப் போய், தான் கவிழ்த்து வைத்த டம்ளரை எடுத்து, சத்தம் வராமல் நிமிர்த்தி வைத்தான். ஓர் ஈ வந்து அதன் விளிம்பில் உட்கார்ந்தது. அவன் விரட்டவில்லை.

“டெய்லர் ஒம்போது மணி வரைக்கும் இருக்கேன்னிருக்காரு,” என்றான்.

எல்லாரும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுராயாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. காற்று கூரை ஓடுகளைத் தூக்கிப் பார்த்தது.

நான்கு மணிக்குக் கரைப்பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. மகிழ்ச்சியா, வேறா என்று தெரியவில்லை. கீதா எழுந்து ஓடப் பார்த்தாள். “குந்துடி,” என்றாள் செவ்வந்தி.

சற்று நேரத்தில் வாசலில் ஜெயம்மா நின்றாள். சிவப்புப் புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. தலை அவிழ்ந்திருந்தது. அவள் பார்வை நேரே சட்டத்தின்மேல் போய் நின்றது. செவ்வந்தி எழுந்து துணிக்கு முன்னால் நின்றாள், அடி விழுந்தால் தன்மேல் விழட்டும் என்பதுபோல. ஜெயம்மா உள்ளே வந்தாள். செவ்வந்தியின் தோளுக்கு மேலாக எட்டித் துணியைப் பார்த்தாள். நிமிர்ந்த படகை, அதற்குள் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை, முடிச்சுப் போடாமல் தொங்கிய நூலை.

“அந்தப் பிள்ளையாண்டான் வந்து ரெண்டு மணி நேரமா காத்துக்கினு கீறாராம். நீ ஊசிய தொடலையாம். உன் வூட்டுக்காரு சொன்னாரு,” என்றாள்.

பிறகு வாசலுக்குத் திரும்பிப் போனாள். நிமிர்ந்திருந்த பானையை இரண்டு கையாலும் தூக்கி, தரையில் குப்புறக் கவிழ்த்தாள்.

செவ்வந்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜெயம்மா அந்தப் பானையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சுராயா போய் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

“மொகத்துவாரத்துலதான் கவுந்துடுச்சாம்,” என்றாள் ஜெயம்மா. கடலுக்குப் போன படகைப் பற்றி அன்று முழுதும் யாரும் வாயால் சொல்லாத சொல்லைச் சத்தமாகவே சொன்னாள். “பன்னெண்டு மணிக்கே. வலை, இன்ஜினு, எல்லாம் போச்சி. தண்ணிக் கேனு ஒண்ணு காலியா கெடந்துச்சாம். மஞ்சா கேனு. அத ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையா புடிச்சிக்கினு, ஏரிப்பக்கமா அடிச்சிக்கினு போயி ஒரு மணி நேரம் கெடந்திருக்காங்க. ஏரில வல போடறவங்க பாத்துட்டு வந்து இசுத்துப் போட்டிருக்காங்க. அந்தாண்ட கரையில வச்சி, கஞ்சி குட்த்து, துணி குட்த்து... போனு இல்லியே, எப்டி சொல்லுவாங்க? இப்பதான் ஏரி வழியா கொண்டாந்து உட்டாங்க. யாரு பெத்த புள்ளைங்களோ. பேர்கூட கேக்கல.”

பானை நிமிர்ந்துதான் இருந்தது. படகு கவிழத்தான் செய்தது. இதை யோசித்துப் பார்த்தவர்கள் அந்த வீட்டில் இருந்திருக்கலாம். யாரும் அதைப் பேசவில்லை. பானையால் முடிந்தது பானை செய்தது. மீதியை மஞ்சள் கேனும், பேர் தெரியாத நாலு பேர் கையும் செய்தன.

“சோறு கீது, சாப்புட்டுப் போ,” என்றாள் செவ்வந்தி.

“அவுரு நடுங்கிக்கினு படுத்துக்கிறாரு. போவணும்.” எழுந்தவள் வாசற்படியில் திரும்பினாள். “குயம்பு இன்னா?”

“மத்தி.”

“கிண்ணத்துல ஊத்திக் குடு.”

கீதா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளோடு போனாள். ஆபிரகாம் ஜன்னல் கட்டையில் இருந்த டம்ளரைக் கையில் எடுத்தான். “இப்போ நான் இதைக் கவுத்துக்கலாமாக்கா?” என்று கேட்டான். சுராயா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படி வாய்விட்டுச் சிரித்திருக்கவில்லை.

செவ்வந்தி உட்கார்ந்தாள். நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் படகும் அதில் இருந்த இரண்டு பேரும் உருவிக்கொண்டு வந்து அவள் மடியில் பழுப்புச் சுருளாக விழுந்தார்கள். துணியில் அவள் விரலால் கலைத்த வெள்ளைக் கோடு, மங்கலாக, இன்னும் இருந்தது. அதன்மேலேயே குத்தினாள். படகு கவிழ்ந்தது. அடிப்பாகம் மேலே வந்தது. தண்ணீரில் இரண்டு தலைகள் வந்தன.

ஐந்தேகாலுக்கு வெளிச்சம் சரியத் தொடங்கியபோது முடிந்துவிட்டது. ஆனால் அவள் பழுப்பு நூலைக் கழற்றிவிட்டு, கப்பலின் நெருப்புக்குப் போட்டு மிஞ்சிய மஞ்சள் நூலைக் கோத்தாள். இரண்டு தலைகளுக்கும் நடுவே, நகக்கண் அளவுக்கு, ஒரு கேனைக் குத்தினாள். அதை நோக்கி இரண்டு கைகளை நீட்டினாள். முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

ஆபிரகாம் குனிந்து பார்த்தான். “இது டிசைன்ல இல்லையேக்கா.”

“தண்ணில கெடக்கறவனுக்குப் புடிச்சிக்க ஒண்ணு வேணும் சார்.”

அவன் இன்னும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு துணியைச் சட்டத்திலிருந்து மெதுவாக அவிழ்த்து, பூதம் மேலே வராமல், படகு மடிப்பில் படாமல், நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான்.

“நாப்பதுலயும் போட முடியுமா?” என்று கேட்டான்.